நடுங்கும் எழுத்தை நேராக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு வயது 29. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இப்போது டவுனில் தாமான் வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். பிறவியிலேயே பெருமூளை வாதம், சக்கர நாற்காலியில்தான் இருப்பேன். வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது, ஆனாலும் அந்தக் கையால்தான் பன்னிரண்டு வருடமாகத் தூரிகை பிடித்து வரைகிறேன். இங்கே ஒரு பழைய கடைவீட்டில் தொடங்கியிருக்கும் சிறிய கலைக்கூடம், ஆகஸ்டில் ஐந்து வாரத்துக்கு முன்பக்கக் கண்ணாடியை எனக்குக் கொடுத்திருக்கிறது. எட்டடி அகலம், ஏழடி உயரம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளியான என் பாட்டி தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரை படித்தவர். தன் கதையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த நாலு பக்கத்தையும் கண்ணாடி முழுக்க என் கையால் எழுதி, பின்னால் புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட வேண்டும் என்று ஆசை. பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் "எழுத்து நடுங்குது, யாருக்கும் படிக்க வராது, கம்ப்யூட்டர் எழுத்தில் அழகாக வெட்டி ஒட்டிடலாம், மேலே 'ஊனத்தை வென்ற ஓவியர்'னு போட்டால் கூட்டம் வரும்" என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னால் அவ்வளவு உயரம் எட்டவும் முடியாது, அவர் சொல்வது சரியோ என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, பாட்டி 'னை' எழுத்தைப் பழைய மாதிரி தும்பிக்கை போட்டு எழுதுவார். நானும் அப்படியே எழுதலாமா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு, வணக்கம். நீங்கள் அனுப்பிய படங்கள் மூன்றும் கிடைத்தன. பாட்டியின் நோட்டுப் பக்கம், நீங்கள் போட்ட வரைபடம், கடைவீட்டின் முகப்பு மூன்றையும் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம், அவர் சொல்வது சரியில்லை. ஈப்போவில் 27 வருடமாகப் போர்டு எழுதி, அப்புறம் கடைக் கண்ணாடி அலங்காரம், கண்காட்சி அமைப்பு என்று இந்த வேலையிலேயே சாப்பிடுகிறவன் நான். மெஷினில் வெட்டிய எழுத்து நகைக்கடையில் இருக்கிறது, கிளினிக்கில் இருக்கிறது, கைப்பேசிக் கடையில் இருக்கிறது, அந்த எழுத்தைப் பார்ப்பதற்கென்று ஒருவர் நின்று நான் கண்டதில்லை. உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு 'ம' எழுதிப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கக் கோடு இறங்கும்போது தூரிகை இரண்டு முறை அதிர்ந்திருக்கிறது, அதிர்ந்த இடத்தில் மை தடித்திருக்கிறது, கீழே திரும்பியதும் கை ஒரே மூச்சில் ஓடி வலப்பக்கம் ஏறிவிட்டது. பட்டையில் உளி போன கோட்டில் பால் வழிந்து காய்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு இடத்தில் திரண்டு, அடுத்த விரற்கடையில் மெலிந்து, மறுபடி திரண்டு இருக்கும். பாட்டியின் கதையை எழுத இதைவிடப் பொருத்தமான கோடு எந்தக் கணினியில் கிடைக்கப் போகிறது?

படிக்க வராது என்பதையும் சோதித்துவிட்டேன். என் கடையில் வேலை செய்யும் பையன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். நீங்கள் எழுதிய மாதிரி வரியைக் கைப்பேசியில் காட்டினேன், நின்ற இடத்திலேயே படித்தான், 'னை' வந்தபோது மட்டும் ஒரு வினாடி தயங்கினான். எழுத்து படிக்க வருவதும் வராததும் அளவு, இடைவெளி, பின்னணி நிறம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. கோடு நடுங்குவதால் படிப்பு கெடாது, அளவு சின்னதாகிப் போனால்தான் கெடும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில், வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்துப் பெரியவர் தன் மகன் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதச் சொல்லி, பெயரைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தார். 'இப்படியே பெருசா வேணும்' என்றார். எழுத்து கோணலாக இருந்தது. நான் அதைத் திருத்தி, நிழல் கட்டி, என் திறமை முழுவதையும் காட்டி எழுதிக் கொடுத்தேன். பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி, ஆனா இது நான் வச்ச பேரு மாதிரி இல்லியே" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை நான் குப்பையில் போட்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. உங்கள் பொறுப்பாளர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று நம்புகிறேன், நானும் அன்றைக்குக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருவோம். இதில் நான் உங்களோடு ஒத்துப்போகாத இடம் ஒன்று இருக்கிறது. நாலு பக்கத்தையும் கண்ணாடியில் ஏற்ற வேண்டாம். நாலு பக்கம் ஏறினால் எழுத்து கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும், தூரத்தில் இருந்து பார்த்தால் கண்ணாடி அழுக்காகத் தெரியும். அப்போது பொறுப்பாளர் சொன்னது உண்மையாகிவிடும். பாட்டியின் மூன்றாம் பக்கத்தில், மழைக் காலத்தைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு வரி இருக்கிறது: "மரம் நனைஞ்சா அடுப்பும் நனையும்." மழை பெய்து பட்டை ஈரமானால் பால் அதைப் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்துக்குள் இறங்காமல் மரத்திலேயே பரவிப் போகும், வெட்ட முடியாது, அந்தக் காலத்தில் வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை, கூலி இல்லாத வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நாலு பக்கமும் இந்த நாலு சொல்லுக்குள் இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் கண்ணாடியில் எழுதுங்கள். நோட்டுப் பக்கங்களைக் கண்ணாடிக்கு ஒரு சாண் உள்ளே, குனியாமல் படிக்கும் உயரத்தில், நல்ல நகலாக எடுத்து வையுங்கள் (மூலத்தை வெயில் படும் இடத்தில் வைக்கவே கூடாது, அது வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்). வரி ஆளை இழுக்கும், அப்படி வந்தவர்கள் மூக்கு கண்ணாடியில் படும்படி நின்று பக்கங்களைப் படிப்பார்கள்.

உங்கள் வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சரிவு. வரிகளை இடமிருந்து வலமாகக் கீழே இறக்கியிருக்கிறீர்கள், பால்வெட்டுக் கோடு மாதிரி. வெட்டு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில்தான் போகும், ஏனென்றால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் லேசாக எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன, இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். தமிழைப் படிக்கும் கண்ணும் இடமிருந்து வலம்தானே போகிறது, ஆகவே பால் இறங்கும் திசையும் படிக்கும் திசையும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் நீங்கள் மூன்று சரிவு போட்டிருக்கிறீர்கள், ஒன்று போதும். சரிவு முடியும் இடத்தில் உள்ளே ஒரே ஒரு மங்கு. நாற்பது மங்கு அடுக்கினால் பாத்திரக் கடை மாதிரி ஆகிவிடும்.

இந்தச் சாய்வு செய்யும் இன்னொரு வேலையை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரியில் 16 எழுத்து, மூன்று இடைவெளி. இரு ஓரமும் கொஞ்சம் விட்டால் சரிவின் நீளம் சுமார் 90 அங்குலம் வரும், ஒரு எழுத்து நாலு, நாலரை அங்குல உயரத்தில் நிற்கும். முதல் எழுத்தைத் தரையிலிருந்து 72 அங்குலத்தில் தொடங்கினால் கடைசி எழுத்து 27 அங்குலத்தில் முடியும். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்புள்ளியை 57 முதல் 60 அங்குலத்தில் மாட்டுவார்கள், அது நிற்கிறவர்களின் கண் மட்டம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் 43 முதல் 51 அங்குலத்துக்குள் வரும். உங்கள் வரியில் 'மரம்' நெடியவர்களின் கண்ணுக்கு, 'நனைஞ்சா' மற்ற பெரியவர்களுக்கு, 'அடுப்பும்' என்ற சொல் சரியாக உங்கள் கண்ணுக்கு நேரே வந்து உட்காருகிறது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு 'நனையும்' கிடைக்கும். நேராக எழுதியிருந்தால் இது நடக்காது.

ஒரு அங்குல எழுத்தைப் பத்தடியில் இருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது போர்டுக்காரர்களின் பழைய கணக்கு. அது ஆங்கில எழுத்துக்குப் போட்டது. தமிழில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் நான் எப்போதும் ஒன்றரை மடங்கு வைப்பேன். அந்தக் கணக்கில் உங்கள் வரி முப்பதடிக்குள் தெளிவாக இருக்கும். எதிர் வரிசை கோப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏதோ எழுத்து சரிந்து இறங்குவது தெரியும், சொல் புரியாது. புரியாமல் இருப்பது நல்லதுதான், ரோட்டைக் கடந்து வருவார்.

இப்போது எட்டாத உயரம். உங்கள் கை கண்ணாடியின் உச்சிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் கோடு போனால் போதும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சை ஆன பிறகு பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்துதான் வேலை செய்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாளை அவர் கத்தரிப்பார், எங்கே குத்துவது என்று அவர் சொல்லச் சொல்ல அவர்கள் சுவரில் குத்துவார்கள். சாந்திநிகேதனில் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை இழந்தவர், 1972இல் அங்குள்ள கலாபவன் என்ற கலைப் பள்ளியில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவர்ப் படைப்பைச் செய்து முடித்தார். அவற்றை உதவியாளர்களின் படைப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஆக, ஒட்டுவதற்கு ஆள் வைத்துக்கொள்வதில் உங்களுக்குக் கூச்சமே வேண்டாம்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று சொல்லும் ஸ்டிக்கர். வீட்டு மேசையில், உங்களுக்கு வசதியான உயரத்தில், ஒரு தாளுக்கு ஒரு எழுத்தாகத் தடித்த தூரிகையால் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் மூன்று நாலு தடவை எழுதி நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம், களைத்த கை வேறு மாதிரி எழுதும், வரி முழுக்க ஒரே உடம்பு தெரிய வேண்டும். இதில் ஒரு விஷயம் முக்கியம். இந்த மூன்று சொல்லில் 'ம்' இரண்டு தடவை வருகிறது. ஸ்டிக்கர் கடைக்காரர் ஒன்றை ஸ்கேன் செய்து மற்ற இடத்தில் அதையே ஒட்டப் பார்ப்பார், விடாதீர்கள். கையால் எழுதியவர் ஒரே எழுத்தை இரண்டு தடவை அச்சாக எழுத மாட்டார், பார்க்கிறவர் கண் அதை உடனே பிடித்துவிடும்.

அடுத்த ஆபத்து அதே கடையில்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்த எழுத்தை வெட்டும் கோடாக மாற்றும்போது மென்பொருளில் விளிம்பை மழமழப்பாக்கும் ஒரு வசதி உண்டு. பையன்கள் பழக்கத்தில் அதை இழுத்துவிடுவார்கள், உங்கள் அதிர்வு முழுக்க அங்கேயே செத்துப்போகும். "அதைப் பூஜ்யத்தில் வையுங்கள், எதையும் சுத்தம் செய்ய வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி, வெட்டுவதற்கு முன் கோப்பின் படத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டிய பிறகு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்து போகும் இடம் ஏதாவது இருந்தால் அது தூக்கிக்கொள்ளும், அந்த எழுத்தைக் கொஞ்சம் தடித்த தூரிகையால் மறுபடி எழுதுங்கள், கணினியில் தடிக்க வைக்க வேண்டாம். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினால் பிள்ளைகள் உரிக்க மாட்டார்கள், ஆனால் அதற்கு எழுத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் திருப்பி வெட்ட வேண்டும். சொல்ல மறந்தால் வேலை வீண். நிறம் பளபளப்பில்லாத வெள்ளை.

அப்புறம் புள்ளி. தமிழ் ஸ்டிக்கரில் முதலில் காணாமல் போவது புள்ளிதான், வேண்டாத பகுதியை உரித்து எடுக்கும்போது அதோடு சேர்ந்து வந்துவிடும், இல்லையென்றால் ஒட்டிய மறுவாரம் உதிரும். ஸ்டிக்கராகும் மூன்று சொல்லில் நாலு புள்ளி இருக்கிறது. நாலுக்குப் பன்னிரண்டு வெட்டி வாங்கி ஒரு கவரில் போட்டுக் கலைக்கூடத்து மேசையில் வையுங்கள்.

கடைசிச் சொல் 'நனையும்' 38 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் நடுவில் வருகிறது, உங்கள் நாற்காலியில் இருந்து எட்டும். அதை ஸ்டிக்கராகப் போட வேண்டாம். அஞ்சடியில் (கடை முன் கூரை போட்ட நடைபாதையில்) நாற்காலியைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, வெளிப்பக்கத்தில் எனாமல் பெயின்ட்டால் நீங்களே நேரடியாக எழுதுங்கள். பிறகு பிளேடால் சுரண்டினால் வந்துவிடும், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அளவுக்கு வழிகாட்டி வேண்டும் என்றால் பழைய போர்டுக்காரர்கள் செய்வது போல, எழுதிய தாளில் கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, கண்ணாடியில் ஒட்டி, துணியில் கட்டிய சுண்ணக்கட்டித் தூளைத் தட்டுங்கள். தாளை எடுத்தால் புள்ளிக் கோலம் மாதிரி அடையாளம் நிற்கும். கையைத் தாங்க எங்களிடம் ஒரு கோல் உண்டு, மூன்றடிக் கம்பு, நுனியில் துணி உருண்டை. இடக்கையால் கம்பைக் கண்ணாடிமேல் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்து எழுதுவோம். உங்கள் இடது கை பிடிக்க ஒத்துழைக்கவில்லை என்றால் அம்மா பிடிக்கட்டும். நடுக்கத்தை நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, தோள் வலிக்காமல் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம் என்பதற்காகத்தான். பொறுப்பாளர் கூட்டம் வர வேண்டும் என்கிறார் இல்லையா, அந்த நாலு எழுத்தை நீங்கள் அஞ்சடியில் உட்கார்ந்து எழுதும் இரண்டு நாள் காலையிலும் கூட்டம் தானாக வரும். மக்கள் வேடிக்கை பார்ப்பது உங்களுக்கு ஒத்துவராது என்றால் ஞாயிறு விடியலில் கடைகள் திறக்கும் முன் எழுதிவிடுங்கள், அது முழுக்க உங்கள் விருப்பம்.

பழைய 'னை'. தாராளமாக எழுதுங்கள், பாட்டி கற்ற எழுத்து அதுதான். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகுதான் தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை படிப்படியாகப் போனது, அதற்கு முன் படித்தவர்கள் பலர் சாகும்வரை அப்படியேதான் எழுதினார்கள். என் கடைப் பையன் தயங்கிய அந்த ஒரு வினாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். "இது என்னண்ணே எழுத்து, எங்க ஆயா எழுதுற மாதிரி இருக்கு" என்றான். அந்த ஒரு எழுத்தாலேயே ஒரு தலைமுறை கண்ணாடிக்கு வந்துவிடுகிறது.

கணினி எழுத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவை வடித்தவர் நம் மலேசியர் முத்து நெடுமாறன்தான், அதில் எனக்குப் பெருமையே. உள்ளே வைக்கும் விளக்கச் சீட்டுக்கு அச்செழுத்துதான் சரி. அச்சுக் கடைக்கு மட்டும் சாதாரணக் கோப்பாக அனுப்பாமல் எழுத்தைப் படமாக்கிய பிடிஎஃப் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் 'கொ' மூன்று துண்டாக உடைந்து வரும்.

ரப்பர் ஷீட் நல்ல யோசனை. புகைபோட்ட ஷீட்டைப் பின்னால் இருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தீர்களா? தேன் மாதிரி இருக்கும், மெஷின் வரி ஒவ்வொன்றும் தெரியும், நடுவில் சின்னக் காற்றுக் குமிழிகள் கூடத் தெரியும். வெள்ளை எழுத்துக்கு இதைவிட நல்ல பின்னணி இல்லை. ஆனால் கச்சா ரப்பர் வெயிலுக்கு ஆகாது, சூரிய ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு பிசுபிசுக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், கண்ணாடியில் பட்டால் கறை விழும். அதனால் கண்ணாடிக்கு இரண்டு சாண் தள்ளி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் தொங்கவிடுங்கள், ஓரத்தில் கொஞ்சம் பவுடர் தடவி வையுங்கள். ஒரு ஷீட் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரும், பன்னிரண்டு ஷீட் என்றால் கொக்கியை மரத் தூலத்தில்தான் அடிக்க வேண்டும், சீலிங் பலகையில் அடித்தால் இறங்கிவிடும். ரப்பர் தீப்பிடிக்கும், சூடாகும் பழைய பல்பு பக்கத்தில் வரவே கூடாது, எல்இடி மட்டும். வாசனை கலைக்கூடம் முழுக்க வரும். சிலர் முகம் சுளிப்பார்கள், அஞ்சடியில் நடக்கும் பல பேர் அப்படியே நின்றுவிடுவார்கள், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்கள் எத்தனை பேர் உங்கள் டவுனில் இருக்கிறார்கள்!

பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும், ரோட்டில் போகும் லாரிதான் தெரியும். அஞ்சடியின் கூரை நிழல் உங்களுக்குப் பாதி உதவி செய்கிறது, மீதியை உள்ளே ஷீட்டுக்குப் பின்னால் வைக்கும் விளக்கு பார்த்துக்கொள்ளும். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஐந்து, இரவு எட்டு என்று நாலு நேரம் எதிர்ப்பக்கம் இருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாளில் விளக்கை இரவு பத்து வரை எரிய விடச் சொல்லுங்கள்.

'ஊனத்தை வென்ற ஓவியர்' என்ற வாசகம் கண்ணாடியில் வரக் கூடாது. நீங்கள் எதையும் வெல்லவில்லை, அந்த உடம்போடு சேர்ந்துதான் பன்னிரண்டு வருடம் வரைந்திருக்கிறீர்கள். அப்படி ஒரு வரி மேலே ஏறினால் கீழே இருக்கும் பாட்டியின் வரியை யாரும் படிக்க மாட்டார்கள், உங்களைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் உடல்நிலையைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். சொல்வதென்றால் விளக்கச் சீட்டில், வெள்ளை ஸ்டிக்கர், எனாமல், ரப்பர் ஷீட் என்று பொருள்களை எழுதும் இடத்திலேயே உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், பெயருக்கு முன்னால் 'ஓவியர்' மட்டும் போதும்.

இதைப் பொறுப்பாளரிடம் வாதம் செய்து புரிய வைக்க வேண்டியதில்லை. இரண்டு விதமாகவும் முழு அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, கண்ணாடியில் பாதிக்குப் பாதி டேப் போட்டு ஒட்டி, அவரை எதிர்க் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போய் ஒரு கோப்பி குடிக்கும் நேரம் பார்க்க வையுங்கள். அதற்குப் பிறகும் அவர் கணினி எழுத்துதான் என்றால், நம் நாட்டு 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளியின் தார்மீக உரிமை என்று ஒன்று இருக்கிறது, உங்கள் படைப்பை உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி சிதைக்கவோ மாற்றவோ கூடாது என்பது அது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. "எழுத்தின் வடிவத்தையும் வாசகத்தையும் என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கூலி, ஸ்டிக்கர் செலவு, ஒட்டும் ஆளின் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், 'விளம்பரம் கிடைக்கும்' என்பது கூலி ஆகாது. சமூக நல இலாகாவின் உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் இந்த வருமானம் அதைப் பாதிக்குமா என்று கையெழுத்துப் போடும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

நகராண்மைக் கழகத்தையும் கலைக்கூடம் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கடை முகப்பில் எழுத்து இருந்தால் விளம்பரப் பலகை விதி என்று வருவார்கள், தேசிய மொழி எங்கே என்பார்கள். இது விளம்பரம் இல்லை, கலைக் காட்சி என்று கடிதம் கொடுத்து, மலாய் வரி வேண்டுமா, என்ன அளவில் வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மலாயில் 'பீலா போக்கோக் பாசா, டாப்பூர் புன் பாசா' என்று எவ்வளவு அழகாக வந்து உட்காருகிறது பாருங்கள். அதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

முகப்புப் படத்தில் வாசலில் ஒரு படி தெரிகிறது, ஓர் ஆறு அங்குலம் இருக்கும். படத்துக்கு அடியில் 'மாமா தூக்கிவிடுவார்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரத்துக்கு உங்கள் வேலை நடக்கும் இடத்துக்குள் உங்களைத் தூக்கிக்கொண்டு போவது ஒரு ஏற்பாடு ஆகாது, தங்கச்சி. ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம்தான் ஏற வேண்டும் என்பது சாய்வுப் பலகையின் அளவு, ஆறு அங்குலப் படிக்கு ஆறடிப் பலகை தேவை. அஞ்சடியின் குறுக்கே போட்டால் இடிக்கும், ஆகவே நடைபாதையின் நீளவாக்கில் போட்டு, வாசல் எதிரே நாற்காலி திரும்ப ஒரு சின்ன மேடை வைக்கத் தச்சரிடம் சொல்லச் சொல்லுங்கள், தேவைப்படும் நேரம் போட்டு எடுக்கிற மாதிரி. பொது இடங்களுக்குள் வரவும் கலைவாழ்வில் பங்கெடுக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. அதை மீறினால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லாததால் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதைப் போடுங்கள்.

இந்த வாரமே 'அடுப்பும்' என்ற சொல்லில் இருக்கும் 'டு'வை மட்டும் எழுதி, நாலரை அங்குலத்தில் ஒன்று வெட்டி வாங்கி, உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்கள். அந்த எழுத்தின் கீழ்ச் சுழியில்தான் உங்கள் தூரிகை அதிகம் அதிரும் என்று நினைக்கிறேன், அங்கே ஸ்டிக்கர் பிடித்து நிற்கிறது என்றால் மற்ற எல்லா எழுத்தும் நிற்கும். படம் எடுத்து அனுப்புங்கள். ஒட்டுகிற அன்றைக்கு ஆள் தேவைப்பட்டால் நானும் அந்தப் பையனும் ஈப்போவில் இருந்து வருகிறோம், அரை மணி நேரப் பயணம்தானே. ஏணியை நாங்கள் கொண்டுவருகிறோம், எந்த எழுத்து எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள்.